ஜனவரிக் குளிரில் ஓடிய ஃபேன்

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. லிஃப்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று நன்றாகவே தெரியும். இருந்தும் லிஃப்ட் வரும்வரை அழுத்திக்கொண்டே நிற்பேன். அடுத்தவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடித்துவைக்கும் பொறுப்பு எனக்கு இருப்பதாக ஒரு நினைப்பு. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: யார் முதலில் போகவேண்டும், யார் காத்திருக்கவேண்டும் என்று இயந்திரங்களுக்குச் சொல்லிவைக்கும் வேலை.

டெல்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் டேட்டா சென்டரில் நெட்வொர்க் என்ஜினியராக இருந்தேன். எங்கள் பக்கம் மெட்ரோ இன்னும் எட்டிப் பார்க்காத வருடங்கள் அவை. கோல் மார்க்கெட்டில் வாடகை வீடு. அங்கிருந்து பஸ்ஸில் தொங்காத குறையாகப் போய் இறங்கினால், தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய அறை. இயந்திரங்களுக்குச் சூடு ஆகாது என்பதால் வருடம் முழுக்க ஏசி ஓடும். மே மாதத்தில் மற்ற பிரிவுக்காரர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே வந்து நிற்பார்கள். ஜனவரியில் ஒருத்தரும் வரமாட்டார்கள். நான் மட்டும் ஸ்வெட்டருக்கு மேல் ஷால் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் எங்களுக்குப் புது ஸ்விட்ச்கள் வந்தன. லைட் போடும் ஸ்விட்ச் இல்லை. கட்டிடத்தில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டர்களின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி. மெயில், படம், பேச்சு எதுவானாலும் துண்டு துண்டாக அதற்குள் வந்து, மும்பைத் தலைமை அலுவலகத்துக்குப் போகும் ஒரே லைனில் ஏறியாகவேண்டும். பழைய பெட்டிகளில் முதலில் வந்தது முதலில் போகும். புதியவற்றில் தனித்தனி க்யூ வைக்கலாம். எந்த க்யூ முன்னால் போகும், எதற்கு லைனில் எவ்வளவு பங்கு என்பதை நாமே பிரித்துக் கொடுக்கலாம். பேச்சும் வீடியோவும் தாமதத்தைத் தாங்காது. மெயில் தாங்கும். பேக்கப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது நாள் முழுக்கக் காத்திருக்கும். எதற்குப் பொறுமை இல்லையோ அதை முன்னால் விடு என்பதுதான் இந்த வித்தையின் சாரம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் நான் இருந்தது டெல்லியில். அங்கே க்யூ என்றாலே முதலில் கேட்கப்படும் கேள்வி, யார் எந்த கிரேடு என்பதுதான். குவார்ட்டர்ஸ் கிரேடைப் பார்த்து. நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு போடலாமா கூடாதா என்பதும் கிரேடைப் பார்த்து. எங்கள் நிர்வாகப் பிரிவு அதிகாரி கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர், தீபாவளியிலிருந்து ஹோலிவரை மஃப்ளரைக் கழற்றாதவர், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். புது ஸ்விட்ச்சில் எட்டு க்யூ இருக்கிறது என்று அவரிடம் சொன்னதுதான் தாமதம், முகம் மலர்ந்துவிட்டது.

"தேகியே மேடம், நம்மிடம் கிரேடும் எட்டுதான். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்" என்றார் இந்தியில்.

க்யூ என்பது ஆளுக்கு இல்லை, போகிற சரக்குக்கு என்று விளக்கினேன். அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"டைரக்டர் சாகிபின் மெயிலும் டெஸ்பாட்ச் கிளார்க்கின் மெயிலும் ஒரே க்யூவில் நிற்கும் என்கிறீர்கள். அச்சா. அதை அவரிடம் போய்ச் சொல்லப்போவது நீங்களா, நானா?"

இரண்டு பேருமே சொல்லவில்லை. கிரேடு வாரியாக ஒரு பட்டியல் வந்தது, ஜெனரல் மேனேஜர் கையெழுத்துடன். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே கான்ஃபிகர் செய்தேன். பெரியவர்களின் கம்ப்யூட்டர்கள் முதல் க்யூ, அவர்களுக்கு அடுத்தவர்கள் இரண்டாவது, கடைசி க்யூவில் கேன்டீன் கம்ப்யூட்டர்.

பிறகு ஆரம்பித்தது வேடிக்கை. முதல் க்யூ என்று ஒன்று இருப்பது வெளியே தெரிந்ததும், தனக்கு ஏன் அது இல்லை என்று ஒவ்வொருவராக நிர்வாகப் பிரிவுக்குப் படையெடுத்தார்கள். அந்த மனிதருக்கு இல்லை என்று சொல்ல வராது. ஒருவருக்குக் கொடுத்தால் அதே கிரேடில் இருக்கும் இன்னொருவருக்கும் கொடுத்தாகவேண்டும். அதிகாரிக்குக் கொடுத்தால் அவருடைய பி.ஏ.வுக்கும் வேண்டும், பி.ஏ.தானே அவருடைய மெயிலைத் திறக்கிறார். குளிர் ஆரம்பிப்பதற்குள் பாதிக் கட்டிடம் முதல் க்யூவுக்கு வந்துவிட்டது. ரோட்டில் போகிற எல்லாக் காரும் சிவப்பு விளக்கைச் சுழலவிட்டால் எது எதற்கு வழிவிடும்? ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. முதல் க்யூவில் இருக்கிறோம் என்ற திருப்தியில் எல்லாருக்கும் மெயில் வேகமாகவே போவதுபோல் இருந்தது. நானும் விட்டுவிட்டேன். அந்தக் குளிர்காலத்தில் என் தோழிக்கு மாற்றல் உத்தரவு வந்திராவிட்டால் அப்படியே விட்டிருப்பேன்.

அவள் கணக்குப் பிரிவில் இருந்தாள். ஈரோட்டுப் பக்கம். என்னைவிடச் சில வயது இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கணவர் ராணுவத்தில், எல்லையில் எங்கோ. மோதி பாக் குவார்ட்டர்ஸில் அவளும் பன்னிரண்டாவது படிக்கும் மகளும் மட்டும். மதியம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவளுடைய அரிசியும்பருப்புச் சாதம் எனக்கு, என்னுடைய புளிக்குழம்பு அவளுக்கு.

அவளுக்குப் பேச்சு திக்கும். சிலருக்கு ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும். இவளுக்கு அதோடு நிற்காது. சில வார்த்தைகளுக்கு முன்னால் அப்படியே நின்றுவிடுவாள். வாய் பாதி திறந்திருக்கும், கண் ஒரு இடத்தில் நிலைத்திருக்கும், முகத்தில் ஒன்றும் அசையாது, சத்தமும் வராது. தெரியாதவர்கள் பயந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வார்த்தை வந்துவிடும், அதுவும் மிகச் சரியான வார்த்தையாக. பழகிய புதிதில் நான் என் வழக்கப்படி அவளுடைய வாக்கியங்களை முடித்துவைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

"நீ... நீங்க முடிச்சு வெக்கறது நல்லாத்தானுங்க்கா இருக்குது. ஆனா அது நா... நான் சொல்ல வந்தது இல்லீங்க."

அன்றைக்கு எனக்கு முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளப் பழகினேன், பாதி நாளாவது.

மாற்றல் கவுஹாத்திக்கு. மகளுக்குப் பரீட்சை என்று எழுதிக்கொடுத்தாள். எல்லாருடைய வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மேற்கொண்டு சொல்ல வேண்டியதை மும்பை மாற்றல் கமிட்டி முன்னால் நேரில் சொல்லலாம் என்று பதில் வந்தது. முன்னெல்லாம் இதற்காக மும்பைக்கு ரயில் ஏறுவார்கள். அந்த வருடத்திலிருந்து செலவைக் குறைக்க வீடியோ கான்ஃபரன்ஸ். அந்தந்த ஊர் கான்ஃபரன்ஸ் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து கமிட்டியிடம் பேசவேண்டும். ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான்.

புல்வெளியில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. ஆரஞ்சுச் சுளையில் நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பா... பாப்பாவைக் கூட ஹாஸ்டல்ல விட்டரலாமுங்க்கா. நெசம் அது இல்லீங்க. இங்க எல்லாருக்கும் எம் பேச்சு ப... பழகிருச்சு. ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக்கடைக்காரரு நான் சாமான் பேரைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் வேற ஆளுக்கு நி... நிறுக்க மாட்டாரு. செக்சன்ல ஒருத்தரும் போனைப் பிடுங்கறதில்லை. மறுபடியும் புது ஊர்ல, மொதல்ல இருந்து..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை, அவளும் முடிக்கவில்லை. யாருக்கும் நின்று பதில் சொல்லாத ஊர் டெல்லி. அந்த ஊரில் தனக்காகக் காத்திருக்க ஒரு சின்னக் கூட்டத்தையே இவள் பழக்கி வைத்திருக்கிறாள். அதை விட்டுவிட்டு எழுந்து போ என்றால் எப்படி?

"ஏட்டி, கவலைப்படாத. அந்த ஹாலு லைனை நான் பாத்துக்கிடுதேன். பேசுறதை மட்டும் நீ பாத்துக்கோ" என்றேன். பெரிய தைரியசாலிபோல் சொல்லிவிட்டேன்.

மறுநாளே மும்பை டெக்னீஷியனைக் கூப்பிட்டு ஹாலிலிருந்து ஒரு ட்ரயல் போட்டேன். கண்ணாடி மாதிரி படம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் குரல். ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம் என்றார் அவர். நானும் நிம்மதியாக வெளியே வந்தேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. மொத்த ஆபீஸும் புல்வெளியில் இருந்தது. டெல்லிக் குளிர்காலத்தில் வெயில் என்று ஒன்று வருவதே மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். வேர்க்கடலை உடைப்பவர்கள் ஒரு பக்கம், சீட்டு ஆடுபவர்கள் ஒரு பக்கம், கம்பளி பின்னும் பெண்கள் வட்டமாக ஒரு பக்கம். நேரம் முடிந்தாலும் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டரில்கூட ஆள் இல்லை. காலி ரோட்டில் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு டிராஃபிக் இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அடுத்த ட்ரயலை, எல்லாரும் மனமில்லாமல் சீட்டுக்குத் திரும்பியபிறகு, சாயங்கால டீக்கு முன்னால் வைத்தேன். பேசுவதற்குத் தோழியையே கூப்பிட்டேன், பழக்கமாக இருக்கட்டும் என்று. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. குரல் நறுக்கி நறுக்கி வந்தது. அவள் தன் பெயரைச் சொல்லிவிட்டு, பிரிவின் பெயருக்கு முன்னால் வழக்கம்போல் நின்றாள். மும்பைக்காரர் ஹலோ, ஹலோ என்றார். படம் ஃப்ரீஸ் ஆகிவிட்டது மேடம் என்று என்னிடம் சொல்லிவிட்டு லைனைத் துண்டித்து மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதே இடம், மறுபடி அதே ஹலோ. அந்த மனிதர்மேல் குற்றமே இல்லை. எது லைன் நின்றது, எது அவள் நின்றது என்று பக்கத்து அறையிலிருந்த எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் எழுந்து ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கமிட்டியிலயும் இப்படித்தா... தானுங்களேக்கா கட் பண்ணுவாங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் ஸ்விட்ச்சைத் தூக்கி யமுனையில் போட்டிருப்பேன்.

அதற்குப் பதிலாக உட்கார்ந்து அதைப் படித்தேன். ஒவ்வொரு க்யூவிலும் எவ்வளவு வருகிறது, இடமில்லாமல் எவ்வளவு கீழே போடப்படுகிறது என்று ஸ்விட்ச்சே சொல்லும். கான்ஃபரன்ஸ் ஹால் கடைசி க்யூவில் கேன்டீன் கம்ப்யூட்டரோடு நின்றுகொண்டிருந்தது. தாமதத்தைக் கொஞ்சமும் தாங்காத ஒரே சரக்கு, கட்டிடத்திலேயே கடைசி இடத்தில். நேராக நிர்வாக அதிகாரியிடம் போனேன்.

"ஹாலுக்கு ஏது மேடம் கிரேடு?" என்றார் அவர். "அது ஆள் இல்லையே. மேஜை, நாற்காலி, கேன்டீன் எல்லாம் எஸ்டேட் பிரிவு. அதனால் கடைசியில் போட்டோம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை பேருக்கு முதல் க்யூவை வாரிக் கொடுத்தார்களே, ஒரு காலி அறை வந்து தனக்காகக் கேட்காது என்பதால் அதற்குக் கிடைக்கவில்லை. மும்பையில் பெரிய தலைவர்களின் முகம் அந்த ஹாலில்தான் வரப்போகிறது, அவர்கள் முகம் உடைந்து உடைந்து தெரிந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். அந்தக் கோணம் அவருக்கு உடனே புரிந்தது. பெரியவர்கள் முகம் வரும் இடம் பெரியவர்கள் கிரேடுதான் என்று தீர்மானித்து, ஹாலை அன்றைக்கே முதல் க்யூவுக்கு உயர்த்தி எழுதிக்கொடுத்தார். எங்கள் நிறுவனத்தில் அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் பிரமோஷன் வந்ததில்லை.

மறுநாள் ட்ரயலில் படம் கொஞ்சம் தேறியிருந்தது, அவ்வளவுதான். முதல் க்யூவில்தான் பாதிக் கட்டிடம் இருக்கிறதே. ஹால் போய் அந்த நெரிசலின் வாலில் நின்றது. அதற்கு முன்னால் யாரோ ஒரு பி.ஏ. பேத்தியின் பிறந்தநாள் போட்டோக்களை மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

சரியான வழி எனக்குத் தெரியும்: எல்லாரையும் கலைத்துவிட்டு, சரக்கைப் பார்த்துப் பிரிப்பது. ஆனால் ஒருவரைக்கூடக் கீழே இறக்க அந்த மனிதரால் முடியாது. தூக்கம் போய்விடும் அவருக்கு. அவரிடம் கத்திப் பயனில்லை என்று எனக்கே தெரிந்தது. என் வாழ்க்கையில் அது அபூர்வம். பஸ்ஸில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகும்போதுதான் தோன்றியது. யாரையும் இறக்கவேண்டாம். முதல் க்யூவுக்கு மேலே இன்னொன்று வைத்தால் போயிற்று. அதில் ஆட்களே கிடையாது. யார் பேசினாலும் அந்தப் பேச்சும் முகமும் மட்டும் அதில் போகும். பேசி முடித்தால் அது காலி. ஹால் மேலே போனபிறகு எட்டாவது க்யூவில் கேன்டீன் கம்ப்யூட்டர் மட்டும்தான். ஏழாவதையும் எட்டாவதையும் ஒன்றாக்கிவிட்டால் மேலே ஒன்று மிச்சமாகும்.

அடுத்த நாள் இதைச் சொன்னதும் அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"முதல் க்யூவுக்கு மேலே யார் மேடம் இருப்பார்கள்?"

"யாரும் இல்லை சார்."

"டைரக்டர் சாகிப்?"

"அவரும் இல்லை. அவர் குரல் வேண்டுமானால் போகும். கிளார்க் பேசினால் கிளார்க்கின் குரலும் போகும். ஆள் மட்டும் யாரும் இல்லை."

மஃப்ளருக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "யாருமே இல்லை என்றால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அப்புறம் என்ன, ஜல்தி செய்துவிடுங்கள்" என்றார். அவருக்கும் பாரம் இறங்கியது என்று நினைக்கிறேன். அத்தனை பேரை முன்னால் நிற்கவைத்து அவரும் ஓய்ந்துபோயிருந்தார்.

அந்த மேல் க்யூவுக்கு ஒரு வரம்பும் வைத்தேன். எப்போதும் முன்னால் போகும் க்யூவை வரம்பில்லாமல் விட்டால் மற்றவர்களைப் பட்டினி போட்டுவிடும். லைனில் ஒரு பங்கு அதற்கென்று ஒதுக்கி, அதற்கு மேல் கேட்காதே என்று ஸ்விட்ச்சிடம் சொன்னேன். பேக்கப்பைக் கீழே தள்ளினேன். அது மனிதர் இல்லையே, கோபித்துக்கொள்ளாது. மும்பைப் பக்கத்திலும் அதேபோல் செய்யச் சொல்லிக் கெஞ்சி, அதட்டி, செய்யவைத்தேன்.

இந்தத் தடவை ட்ரயலுக்கு நாள் பார்த்துக் குறித்தேன். கிரிக்கெட் மேட்ச் நடக்கிற நாள். டிவி இல்லாத பிரிவுகளில் எல்லாரும் கம்ப்யூட்டரில் ஸ்கோர் பக்கத்தைத் திறந்துவைத்து நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பித்துக்கொண்டிருப்பார்கள். முதல் க்யூ பிதுங்கி வழிந்தது. அந்த நேரத்தில் ஹாலிலிருந்து மும்பையைக் கூப்பிட்டேன். படம் அசங்கவில்லை. குரல் ஒரு எழுத்துக்கூடச் சிதறவில்லை. மேல் க்யூவில் கீழே விழுந்தவை எத்தனை என்று பார்த்தேன்: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆள் இல்லாத அறையில் அழுவதில் ஒரு வசதி உண்டு, யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டாம்.

ஓடிப்போய்த் தோழியை ஹாலுக்கு அழைத்துவந்து சொன்னேன். "இனிமே லைன் உடையாது. உன் குரல் முழுசா அந்தப் பக்கம் கேக்கும்."

அவள் சிரித்தாள். பிறகு, "லைன் நல்லா இருக்கறது நமக்குத் தெரியுமுங்க்கா. அ... அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "நான் நின்னா, படம் நின்னுருச்சுன்னுதான நெ... நெனைப்பாங்க."

நெட்வொர்க்கில் என்னால் செய்ய முடிந்தது அதோடு முடிந்துபோயிருந்தது. அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில், கோடையில் வைத்த இடத்திலேயே, பெடஸ்டல் ஃபேன் ஒன்று பிளாஸ்டிக் உறையோடு நின்றிருந்தது.

"அ... அதை எனக்குப் பின்னால வெச்சு ஓடவிட்டுருங்க்கா" என்றாள்.

ஓடுகிற பொருள் ஒன்று படத்தில் இருந்தால் வீடியோவுக்கு அதிக இடம் பிடிக்கும். வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு கீழே போய் மேல் க்யூவின் வரம்பை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன்.

விசாரணை நாளில் காலையிலிருந்தே பனிமூட்டம். ஹாலின் பியூன் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். "மேடம்ஜி, இந்தக் குளிரில் பங்காவா?" என்று கேட்டுவிட்டு, ஹாலுக்கு வரும் பெரியவர்களுக்கு ஏதோ வியாதி என்று தானே முடிவுசெய்துகொண்டு உறையைக் கழற்றினார். காற்று முதுகில் அடிக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்து, மிக மெதுவாக ஓடவிட்டோம். தோழி ஸ்வெட்டர், அதற்கு மேல் ஷால், காதுவரை போர்த்திக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்துக் கண்ணாடி அறையில், காதில் ஹெட்ஃபோன், மடியில் லேப்டாப், அதில் மேல் க்யூவின் எண்கள்.

மும்பையில் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் தெரிந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இந்தியில் முதல் கேள்வியைக் கேட்டார்.

"டெல்லியில் குளிர் கொல்கிறது என்று டிவியில் சொல்கிறார்கள். உங்களுக்குப் பின்னால் ஃபேன் ஓடுகிறதே?"

இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. அவள் நின்றாள். பிறகு வார்த்தை வந்தது. இந்தியில் சொன்னாள், தமிழில் எழுதுகிறேன்.

"எனக்குப் பேச்சு தி... திக்கும் சார். சில சமயம் அசையாமல் நின்றுவிடுவேன். லைன் போய்விட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்றுதான் ஃபேன். ஃபேன் சு... சுற்றினால் லைன் இருக்கிறது. நின்றிருப்பது நான்தான்."

இத்தனை வருடப் பழக்கத்தில் தனக்குப் பேச்சு திக்கும் என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. தலைவர் தலையை ஆட்டினார். சரி, நிதானமாகச் சொல்லுங்கள் என்றார். மகளை ஹாஸ்டலில் விடலாமே, உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார்.

அப்போது நின்றாள் பாருங்கள், அவ்வளவு நீளமாக அவள் நின்று நான் பார்த்ததில்லை. வாய் பாதி திறந்தபடி, கண் கேமராவில். ஹெட்ஃபோனில் மும்பை அறையின் நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. எண்களைப் பார்த்தேன். துண்டுகள் ஒன்றுவிடாமல் போய்க்கொண்டிருந்தன, கீழே விழுந்தது பூஜ்யம். அந்த மௌனத்தில் எங்கள் லைனின் பங்கு கொஞ்சமும் இல்லை. முழுக்க அவளுடையது. ஓரத்தில் இருந்த உறுப்பினர் பொறுக்கமுடியாமல் "ஹலோ, டெல்லி?" என்று ரிமோட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"ருக்கியே, பொறுங்கள்" என்றார் தலைவர். "ஃபேன் ஓடுகிறது, பாருங்கள்."

நீட்டின கை திரும்பிப் போனது. மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"எனக்காகக் கா... காத்திருக்கிற மனிதர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், சார்" என்றாள் அவள். "அவர்களைச் சேர்க்க எனக்குப் பல வருடம் ஆனது."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தலைவர் இரண்டு பக்கமும் திரும்பி ஏதோ மெதுவாகப் பேசினார். பிறகு கேமராவைப் பார்த்து, உத்தரவைக் கேன்சல் செய்கிறோம், மகளை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள், இப்போது அந்த ஃபேனை நிறுத்துங்கள், பார்க்கிற எங்களுக்கே குளிர்கிறது என்றார்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினேன். கால் தரையில் படவில்லை என்பார்களே, அது பொய்யில்லை. பல வாரங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயிருந்தது. ஹால் கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... கே..."

நின்றாள். கண்ணாடி அறையில் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அந்த நிமிடத்தில் அவளுக்கு நினைவில் இல்லை. அவள் சொல்லவந்த வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பியூன் ஃபேனுக்கு உறை போட்டு முடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனார். டீக்காரர் கெட்டிலோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் அவள் கையைப் பிடித்தபடி நின்றேன். அவசரமே இல்லை எனக்கு.

"கேன்சல் பண்ணிட்டாங்களுங்க்கா" என்றாள் கடைசியில்.

"அப்படியாட்டி?" என்றேன். நிஜமாகவே அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல் இருந்தது.